மூன்றாம் தண்ணீருக்கு ஒரு முன்னுரை

என் ஆசை ஸ்டெல்லா அக்காவுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. உன்மேல் கோபமாக இருக்கிறேன். இறந்துபோனவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்கிறாள் அம்மா. வேறு யார்மேல் கோபப்படுவது? நீ இருந்திருந்தால் நேரில் வந்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன். நீயும் "இன்னாடி, ஓவரா பேசற" என்று முதுகில் ஒன்று வைத்திருப்பாய். இரண்டுக்கும் வழியில்லாமல்தான் இந்தக் கடிதம்.

செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் கவிதைகள் எல்லாம் சேர்ந்து ஒரே புத்தகமாக வருவதாக இருந்தது. உன் கவிதையை முதன்முதலில் தன் சிற்றிதழில் போட்டாரே, அந்தக் கவிஞர்தான் தொகுப்பாசிரியர். போன வாரம் செவ்வாய்க்கிழமை முன்னுரையை எனக்கு அனுப்பினார். மேலே "குடும்பத்தினர் பார்வைக்கு" என்று இருந்தது. உன்னைப் பெற்ற பெரியம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். உன் நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. ஆகவே குடும்பத்தினர் என்றால் சித்தி மகளான நான்தான். யார்டு ஆபீசில் கன்டெய்னர் எண்களைச் சரிபார்க்கும் வேலைக்கு நடுவே ஒளித்து ஒளித்துப் படித்தேன்.

முன்னுரையில் ஒரு பெண் இருக்கிறாள். விடியற்காலையில் காசிமேட்டுக் கரையில் நிற்கிறாள். கடல் அவளோடு பேசுகிறது. அவள் வெறும் புல்லாங்குழல், ஊதுவது வேறு யாரோ. அவள் எழுதுவதே இல்லை, அவள் வழியாக எழுதப்படுகிறது. மற்ற மனிதர்களின் காதில் விழாத ஒன்று அவள் காதில் விழுகிறது. அதைத் தாங்க முடியாமல் முப்பத்துமூன்று வயதில் கவிதை அவளைத் தின்றுவிடுகிறது.

யார் அக்கா இந்தப் பெண்?

உன்னைக் கவிதை தின்னவில்லை. மஞ்சள் காமாலை வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று பத்து நாள் நீயே மாத்திரை போட்டுக்கொண்டாய். கண் மஞ்சளான பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தாய். அங்கே கட்டிலில் கிடந்தபடி, அடுத்த கட்டில் அம்மாவிடம் அவர் வீட்டில் நார்த்தங்காய் ஊறுகாயை எத்தனை நாள் வெயிலில் வைப்பார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாய். உன் கடைசி வாரத்தில் நான் பார்த்தது அதுதான். அதை எழுதினால் முன்னுரைக்கு அழகு குறைந்துவிடும் போலிருக்கிறது.

"மூன்றாம் தண்ணீர்" கவிதைக்கு மட்டும் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார். இந்தக் கடிதத்தை வேறு யாராவது படித்தால் அவர்களுக்காக அதன் கடைசி நான்கு வரிகளை இங்கே எழுதுகிறேன், உனக்குத் தெரியாததில்லை.

முதல் தண்ணீர் துறைமுகத்துடையது.
இரண்டாம் தண்ணீர் தெருவுடையது.
மூன்றாம் தண்ணீரில்தான்
அப்பாவின் சட்டை வீட்டுக்கு வருகிறது.

முதல் தண்ணீர் பிறப்பு, இரண்டாம் தண்ணீர் வாழ்வு, மூன்றாவது மனிதக் கண்ணுக்கு எட்டாத பேரண்டக் கடல் என்கிறார் தொகுப்பாசிரியர். அந்தக் கடலைக் கண்டவள் கவிஞர் மட்டுமில்லை, தீர்க்கதரிசியாம். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. ஏனென்றால் அவர் கதையை அவராகக் கட்டவில்லை. விதை போட்டவள் நீ.

கோபத்தை ஒழுங்காகச் சொல்ல, உன் பிளெக்ஸ் கடையிலிருந்து தொடங்க வேண்டும்.

பத்தொன்பது வயதில் நசீர் பாய் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாய். ராயபுரத்தில் யார் இறந்தாலும் ஒரு மணி நேரத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர் தெருமுனையில் நிற்க வேண்டும். படத்தை ஒட்டி, பெயரைப் போட்டு, கீழே நான்கு வரி எழுதுவது உன் வேலை. அதற்கென்று கம்ப்யூட்டரில் ஒரு டப்பா நிறைய வரிகள் வைத்திருந்தாய். அப்பாவுக்கு நான்கு, அம்மாவுக்கு நான்கு, இளம் வயதில் போனவர்களுக்கு மூன்று. எடுத்து ஒட்டினால் முடிந்தது.

அப்படித்தான் அந்த விபரீதம் நடந்தது. ஒரே தெருவில், ஒரே வாரத்தில், இரண்டு படகு முதலாளிகள் போய்ச் சேர்ந்தார்கள். பதினைந்து வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத விரோதிகள். தெருவின் இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் மற்றவர். இரண்டு பேனரிலும் ஒரே வரி: "உன் புன்னகையால் விடிந்த தெரு இன்று இருண்டு கிடக்கிறது." இரண்டு பேரும் வாழ்நாளில் சிரித்ததே இல்லை என்பது வேறு விஷயம். இரண்டு வீட்டு ஆட்களும் கடைக்கு வந்துவிட்டார்கள். நானும் அன்று கடையில் இருந்தேன்.

"எங்க நைனாவும் அந்தாளும் ஒண்ணா பாய்? அவனுக்குப் போட்டத எங்களுக்குப் போட்டிருக்க?"

"யோவ், நாங்க முன்னாடி போட்டோம். நீங்கதான் காப்பி."

"செத்ததுல கூட முன்னாடி பின்னாடியா? போங்கய்யா, ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாங்க, மேல குந்தி ராஜியாயிருப்பாங்க" என்றார் நசீர் பாய். அடி விழாமல் இருந்தது ஆச்சரியம்.

நீதான் எழுந்து வந்து இரண்டு கூட்டத்தையும் தனித்தனியாக உட்கார வைத்தாய். கையில் ஆர்டர் நோட்டு. "உங்க நைனா கோவம் வந்தா இன்னா சொல்லித் திட்டுவாரு? சாப்ட்டு முடிச்சதும் மொதல்ல இன்னா செய்வாரு?" அழுதுகொண்டிருந்தவர்கள் யோசிக்க ஆரம்பித்தார்கள். அன்று சாயங்காலம் புது பேனர் ஏறியது. ஒன்றில் இருந்த வரி எனக்கு இன்னும் மனப்பாடம்:

சாப்பிட்ட தட்டை நீயே கழுவிக் கவிழ்ப்பாய்.
இன்றும் உன் தட்டு கவிழ்ந்தே இருக்கிறது.

அந்த வீட்டு அம்மா பேனருக்குக் கீழே நின்று வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். மூன்று தடவை. அதற்குப் பிறகு நீ அந்த டப்பாவைத் திறக்கவே இல்லை. வருகிற எல்லோரிடமும் கேள்விதான். "போலீஸ் ஸ்டேஷன்ல கூட இவ்ளோ கேக்க மாட்டாங்கோ" என்று நசீர் பாய் அலுத்துக்கொள்வார்.

எனக்கு இருபது வயதானபோது எட்டுக் கவிதைகளை ஒரு வெள்ளைத்தாளில் சுத்தமாக எழுதி உன்னிடம் கொண்டுவந்தேன், ஞாபகம் இருக்கிறதா? சாப்பிட்டுக்கொண்டே படித்தாய். "நல்லாத்தான் கீது" என்றாய். அந்தக் குரலிலேயே நன்றாக இல்லை என்று தெரிந்துவிட்டது. எப்படி எழுதுவது என்று கேட்டேன். சோற்றுக் கையோடு என்னைப் பார்த்தாய்.

"அது தானா வரணும்டி. நாம போயி இட்டுகினு வர முடியாது. வரும்போது எழுது."

"அப்ப கடையில எழுதறது?"

"அது கடை வேலை. இது வேற."

நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? அப்போது கல்லூரியில் எங்களுக்குப் பாடமே அதுதான். இருநூறு வருடத்துக்கு முந்தைய மேல்நாட்டுக் கவிஞர்கள். கம்பியில் காற்று பட்டு ஓசை எழுவது போலக் கவிஞன் நெஞ்சில் கவிதை எழும், அதை வரவழைக்க யாராலும் முடியாது, கவிஞன் கூட்டத்துக்குள் நின்றாலும் கூட்டத்தைச் சேர்ந்தவன் இல்லை. பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தேன். புத்தகம் சொன்னதும் ராயபுரத்தில் நீ சொன்னதும் ஒன்றாக இருந்தன. அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அதே கவிஞர்களின் கையெழுத்துப் பிரதிகளிலும் அடித்தலும் திருத்தலும் நிறைய என்று வெகு நாள் கழித்து வேறொரு புத்தகத்தில் படித்தேன். அதை யாரும் பரீட்சைக்குக் கேட்கவில்லை.

ஏழு வருடம் அக்கா. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கரையில் கொட்டியிருக்கும் கருங்கல்மேல் போய் உட்காருவேன். மடியில் நோட்டு. முன்னால் கடல். பின்னால் ஹார்பருக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள். வந்தது எல்லாம் டீசல் புகையும் கருவாட்டு வாசமும்தான். வலை பின்னுகிற ஒரு அண்ணன் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"இன்னாம்மா, வாராவாரம் வந்து குந்திகினு கீற. ஆளு வரலியா?"

"வரும்ண்ணா."

"போனு பண்ணிக் கேளும்மா. இங்க டவர் நல்லாத்தான் கீது."

உன்னிடம் வந்து சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம் இல்லையா?

பிறகு உன்னைப் பேசக் கூப்பிட்ட அந்த இலக்கியக் கூட்டம். ராயபுரம் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஏசி போட்ட அரங்கம். "மூன்றாம் தண்ணீர்" எப்படிப் பிறந்தது என்று யாரோ கேட்டார்கள். நீ மைக்கைப் பிடித்து, பழக்கமில்லாத சுத்தத் தமிழில், "ஒரு காலையில் கடற்கரையில் நின்றிருந்தேன். வந்தது. அப்படியே எழுதினேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை" என்றாய். அரங்கமே கை தட்டியது. மூன்றாம் வரிசையில் இருந்த நானும் தட்டினேன். தட்டும்போதே எனக்குள் ஒன்று மூடிக்கொண்டது. இவளுக்கு வருகிறது, எனக்கு வரவில்லை, ஆண்டவர் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் என்று முடிவுகட்டினேன். அன்றோடு கரைக்குப் போவதையும் எழுதுவதையும் நிறுத்தினேன். நீ அதைக் கவனிக்கக்கூட இல்லை. கவனித்தும் சும்மா இருந்தாயா?

நீ போய் நாற்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு பெரியம்மா உன் அலமாரியை என்னிடம் விட்டாள். உள்ளே ஒன்பது ஆர்டர் நோட்டுகள். முன்பக்கத்திலிருந்து கடை ஆர்டர்கள். தலைகீழாகத் திருப்பினால் பின்பக்கத்திலிருந்து கவிதைகள். "மூன்றாம் தண்ணீர்" ஆறாவது நோட்டில் இருந்தது. தரையில் உட்கார்ந்து எண்ணினேன். பதினொரு பிரதி.

முதல் பிரதி "கடலே" என்று ஆரம்பிக்கிறது. நான்காவது பிரதியில் அந்தக் கடலை நீயே குறுக்குக் கோடு போட்டு அடித்திருக்கிறாய், தாள் கிழிகிற அளவுக்கு. ஓரத்தில் "அம்மாட்ட கேக்கணும்" என்று ஒரு குறிப்பு. அடுத்த பக்கத்தில் பெரியம்மாவின் பேச்சு, அவள் சொன்னது சொன்னபடி: "மொத தண்ணி ஹார்பருக்கு. ரெண்டாந் தண்ணி ரோட்டுக்கு. மூணாந் தண்ணிதான் நம்ம வூட்டுக்கு." பேனருக்கு எழுத நீ கேட்டாயே, அதே மாதிரிக் கேள்விகள், அதே மாதிரி பதில்கள். கடை வேலை வேறு, இது வேறு என்று சொன்னாயே அக்கா. இரண்டும் ஒரே நோட்டில், ஒரே பேனாவில் அல்லவா இருக்கிறது?

என் ஏழு வருடத்தை என்ன செய்வது? அந்த ஏழு வருடத்தில் ஒருநாள் அந்த நோட்டைக் காட்டி "பதினோரு தபா அடிச்சேன்டி, நீயும் அடி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஏன் சொல்லவில்லை? பிளெக்ஸ் கடைப் பெண் அம்மாவிடம் கேட்டு எழுதினேன் என்றால் அந்த அரங்கம் கை தட்டாது என்று பயந்தாயா? அது எனக்குப் புரிகிறது. ஆனால் நம் வீட்டுக்குள், சோற்றுத் தட்டுக்கு முன்னால், என்னிடம் என்ன பயம்?

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பெரியம்மாவின் சம்மதக் கையெழுத்துக்கும் நோட்டுகளுக்குமாகத் தொகுப்பாசிரியர் எங்கள் வீட்டுக்கே வந்தார்; பெரியம்மாவையும் வரச் சொல்லியிருந்தேன். அவரைத் திட்டி எழுத எனக்கு மனமில்லை. நல்ல மனிதர். உன் அடக்கத்தன்று கல்லறையில் நின்று அழுதவர். அவர் இல்லாவிட்டால் உன் கவிதை ராயபுரம் தாண்டியிருக்காது. நோட்டுகளை மேஜைமேல் அடுக்கிவிட்டு நின்றேன்.

அவர் புரட்டினார். முகம் மாறியது. "இதையெல்லாம் யாருக்கும் காட்டியிருக்கீங்களாம்மா?" என்றார். "இல்லை" என்றேன். "காட்டாதீங்க. வாசகன் இந்த அடித்தல் திருத்தலைப் பார்த்தா அந்த மாயம் போயிடும். பேனருக்கு எழுதின வரிகளும் வேண்டாம். அது வயிற்றுப்பாட்டுக்கு எழுதினது. கடல் அவங்ககிட்ட பேசியது, அதை அப்படியே விட்டுடுவோம்."

கையெழுத்துப் போடக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த பெரியம்மா நிமிர்ந்தாள்.

"யாருகிட்ட யாரு பேசிச்சுன்னு சொன்ன?"

"கடல்ம்மா. உங்க பொண்ணுகிட்ட."

"கடலு எப்பப்பா பேசிச்சு? நான்ல பேசிகினு இருந்தேன்."

அவர் சிரித்தார். பெரியம்மா சிரிக்கவில்லை.

"தெனமும் வேலை முடிஞ்சு வந்து துணிக்கல்லாண்ட நின்னுக்கும். மூணு தண்ணி ஏன்மா, மூணு தண்ணி ஏன்மான்னு உசுர வாங்கும். அவங்கப்பா ஹார்பர்ல கரி எறக்குனாரு. மொத தண்ணி கன்னங்கரேல்னு வரும், அது கால்வாய்க்கு. ஹார்பர் அழுக்கு ஹார்பருக்கே போவட்டும்பேன். ரெண்டாந் தண்ணிய வாசல்ல தெளிச்சிடுவேன், புழுதி அடங்கும். மூணாந் தண்ணி தெளிவா வந்தாத்தான் சட்டைய உள்ள எடுத்தாருவேன்."

"நாலாவது தண்ணி கிடையாதாம்மா?" அவர் என்னவோ பெரியதாக எதிர்பார்த்துக் கேட்டார்.

"நாலாவதுக்குத் தண்ணி ஏது? லாரித் தண்ணிப்பா அது."

எனக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. பேரண்டக் கடல் ஒரு தண்ணீர் லாரியில் வந்து நின்றுவிட்டது.

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. முன்னுரையில் பெரியம்மா வர வேண்டும் என்றேன். பதினொரு பிரதியில் ஒன்றையாவது படமாகப் போட வேண்டும், கவிழ்ந்த தட்டும் உள்ளே வர வேண்டும் என்றேன். பேசிப் பழக்கமில்லாதவள் பேசினால் சண்டை போடுவது போலத்தான் இருக்கும். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "உங்க அக்காவே மேடையில சொன்னதை நீங்க பொய்யாக்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

அதை உன்னிடமே கேட்கிறேன் அக்கா. நீயே சொல். நீ செய்த வேலையைக் காட்டி, நீ சொன்ன வார்த்தையைப் பொய்யாக்கலாமா நான்?

நோட்டுகளை எடுத்து மறுபடி என் அலமாரியில் வைத்தேன். பெரியம்மா பேனாவை மூடினாள். அவர் காபியைக் குடித்து முடித்துவிட்டு, கும்பிட்டுவிட்டுத்தான் போனார்.

மறுநாள் அவரிடமிருந்து செய்தி. "நீங்கள் சொல்வது வேறொரு புத்தகம். அதற்கு நான் ஆள் இல்லை." அவ்வளவுதான். பதிப்பாளரும் அவருடைய நண்பர்தான். ஆக, புத்தகம் இல்லை. அடுத்த மாதம் உன் முதல் வருடப் பூசை. புத்தகத்தைக் கல்லறையில் வைத்து மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்று பெரியம்மா ஆசையாக இருந்தாள். அதை நான் கெடுத்துவிட்டேன். ஒரு கையெழுத்து போட விட்டிருந்தால் வந்திருக்கும். முன்னுரையை யார் படிக்கப் போகிறார்கள், கவிதை உன்னுடையதுதானே என்று ஆபீசில் ஒரு தோழி சொன்னாள். தினமும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பெரியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். மீன் அலசிக்கொண்டே, "புக்கு வந்தா வருது. இல்லாட்டி நோட்டு கீதே. நீதான் எண்ணி வெச்சிகினு கீறியே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, தலை நிமிராமல், "பதினோரு தபாவா எழுதுச்சு? மெய்யாலுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "என்னாண்ட கேட்டதயா?" என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன். மீன் சட்டியில் இன்னும் ஒரு தண்ணீர் ஊற்றினாள்.

குனிந்திருந்த அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அரங்கத்தில் தட்டிய அத்தனை கையும் சேர்ந்து உனக்குக் கொடுக்காததை நீ அவளுக்குக் கொடுத்திருக்கிறாய், அவளிடம் சொல்லாமலே. சொல்லித் தொலைத்திருக்கலாமே அக்கா.

கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் நேற்று ஒரு வேலை செய்தேன். உன் ஒன்பதாவது நோட்டில் பாதிக்குமேல் வெற்றுத்தாள். அதை எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். "ஸ்டெல்லாக்காவுக்குக் கோவம் வந்தா இன்னா சொல்லித் திட்டும்? சாப்ட்டு முடிச்சதும் மொதல்ல இன்னா செய்யும்?" என்று கேட்டேன். "இன்னாடி, எம் பொண்ணுக்கே பேனர் போடப் போறியா?" என்றாள். அப்புறம் சொல்ல ஆரம்பித்தாள். எழுதி மாளவில்லை.

முன்னுரையை நான் எழுதுகிறேன் அக்கா. இதுதான் உனக்குக் கொடுக்கும் வாக்கு. பதிப்பாளர் கிடைத்தால் அச்சில் வரும், கிடைக்காவிட்டால் நசீர் பாய் கடையில் பிரிண்ட் எடுத்து நூல் போட்டுத் தைத்து உன் கல்லறைக்குக் கொண்டுவருவேன். அதில் பெரியம்மா பேசுவாள், பெரியப்பாவின் சட்டை இருக்கும், நீ மேடையில் சொன்ன பொய்யும் இருக்கும். உன்னைப் புல்லாங்குழலாக விட மாட்டேன்.

நான்கு தடவை எழுதி நான்கையும் அடித்துவிட்டேன். முதல் பிரதியில் என்னை அறியாமல் கடல் வந்துவிட்டது, கோடு போட்டேன். முதல் வரி இன்னும் சரியாக அமையவில்லை. ஆனால் கரையில் போய் உட்காரப் போவதில்லை. நாளைக்குப் பெரியம்மா துணி துவைக்கிற நேரத்துக்குப் போய், விட்டுப்போன கேள்விகளைக் கேட்கப் போகிறேன்.

இன்னும் கோபத்தோடும், உன் நோட்டின் மிச்சப் பக்கங்களோடும்,
உன் சித்தி பொண்ணு